கூழ் சொட்டின குளம்

ஒரு ஊர்ல ஒரு காராயி. ஊருன்னா ரெண்டு மலைக்கு நடுவுல, தொட்டில்ல போட்ட புள்ள மாதிரி கிடக்குற ஊரு. காராயிக்கு அங்க ஒரே ஒரு துண்டு வயலு, யானைப்பாறைக்குப் பின்னாடி. ம் கொட்டு, இல்லன்னா கதை நின்னுடும்.

அப்போ ஒரு சர்வேக்காரர் வந்தாரு. மலை உச்சியில மூணு கால் தூரக்கண்ணாடிய நட்டு, கீழ தெரியுற வயலு, வரப்பு, ஓடை எல்லாத்தையும் பெரிய தாள்ல வரைஞ்சாரு. டம டம டம! "படத்துல இல்லாத வயலுக்கு வாய்க்காத் தண்ணி கிடையாது!"ன்னு தண்டோரா போட்டாங்க.

காராயி வயலு மட்டும் அவரு கண்ணாடியில தெரியல. பாறை மறைக்குதே!

முதல்ல மூங்கில்ல செவப்புச் சேலையக் கட்டி நட்டா. காத்து சர்ருன்னு தூக்கிட்டுப் போய், பாறைக்கு முன்னாடி இருக்குற வீரணன் வயல்ல போட்டுச்சு. சர்வேக்காரரு வீரணன் வயல இன்னொரு தரம் வரைஞ்சாரு!

அப்புறம் "ஐயா, என் வயலு இங்க இருக்கு!"ன்னு கத்தினா. ரெண்டு மலையும் "இங்க இருக்கு... இங்க இருக்கு..."ங்குது. பாவம், எட்டுத் திசையும் திரும்பி அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா? சரி.

மூணாவதா, கூழ்ச்சட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு மலையேறினா. "ஒரு எட்டு வந்து பாருங்கய்யா."

"கண்ணாடியில தெரிஞ்சாத்தான் படத்துல வரும். போம்மா!"

அழுகையா வந்துச்சு அவளுக்கு. ஆனா உச்சி வேளை. அந்த ஊர்ல எதிர்ல ஒருத்தர் பட்டினியா இருந்தா, எதிரியே ஆனாலும், அவருக்கு ஊத்தாம தான் குடிக்கக் கூடாது. "இந்தாங்க, குடிங்க"ன்னு கோவமா நீட்டினா.

மடக் மடக்! மனுஷன் அப்படிக் குடிச்சாரு. மீசையில இருந்து ஒரு துளி... சொட்! படத்து மேல. எங்க தெரியுமா? யானைப்பாறைக்குப் பின்னாடி, காராயி வயலை ஒட்டின கரட்டு நிலத்துல! துடைச்சா இன்னும் பரவுது. "பெரிய தொரை பாத்தா என் வேலை போச்சே"ன்னு, சுத்தி ஒரு கோடு போட்டு, நீல மையப் பூசி, குளம்னு எழுதிட்டாரு. காராயி அதப் பாக்கல. மூக்கச் சிந்திக்கிட்டே இறங்கிட்டா.

அப்புறம் வாய்க்கா வெட்ட ஆளுங்க வந்தாங்க. படத்துல குளம் இருக்கு, தரையில இல்ல. மேஸ்திரி தலையச் சொறிஞ்சாரு.

"தொரை படம் பொய் சொல்லுமா? தரைதான் தப்பு பண்ணியிருக்கு. வெட்டுங்கடா குளத்த!"

சரக் சரக்! வெட்டினாங்க. சலசலன்னு தண்ணி வந்துச்சு. முதல் மடை யாரு வயலுக்கு? குளத்த ஒட்டியே இருக்குற காராயி வயலுக்கு! மேஸ்திரி கையில இருந்த படத்துல, நீல மைக்கு அடியில கூழ்க்கறையப் பாத்துட்டு, அவ கரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் எழுந்து போய், சர்வேக்காரருக்கு ஒரு சட்டி கூழ் கொடுத்தனுப்பினா.

குளம் ரொம்பியாச்சு, கதை வத்தியாச்சு. கண்ண மூடு.