ஓட்டக்கூடாத கார்

சுவிஸில் பரஞ்சோதி என்றொரு மகாமேதை இருந்தார். அவருக்குத் துணை மச்சான் தவராசாவும் தம்பி குணபாலுவும். மூன்று பேருக்கும் மூளைக்குக் குறைவில்லை. பாவித்துத் தேய்ந்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பரஞ்சோதியின் மகள் அபிராமிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டில் பெரிய கார் நின்றது. "பொம்பிளையும் எங்கட சொந்தக் காரிலதான் மண்டபத்துக்கு வருவா" என்று பரஞ்சோதி சம்பந்தியிடம் சொல்லிவைத்தார். சம்பந்தி ஒரு சிரிப்புச் சிரித்தார். அது இவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கார் வராவிட்டால் அந்த மனுசன் முகத்தில் எப்படி முழிப்பது?

ஜெர்மனியில் பழைய கார் மலிவு. மண்டபமோ எல்லையை ஒட்டிச் சுவிஸ் பக்கம், மேட்டில். ஆகவே கலியாணத்தன்று காலையில் போய்க் காரை வாங்கி, அப்படியே பெண்ணை ஏற்றிவருவதாகத் திட்டம். முதல் நாளே வாங்கினால் என்ன என்று கேட்ட மகளுக்கு, அன்று நாள் சரியில்லை என்று பதில் கிடைத்தது. பட்டும் நகையுமாக அவளும் ரயில் ஏறினாள்.

காரை வாங்கியதும் சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைக்கப் போனார்கள். தவராசா தடுத்தார். பழைய காருக்குப் புதுத் தேசிக்காய் வைத்தால் சாமி குழம்பிவிடாதா? மூவரும் ஆழமாக யோசித்தார்கள். பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பிழிந்து எறிந்த தேசிக்காய்களைக் கேட்டு வாங்கி, நாலு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றினார்கள். கடைக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

எல்லையில் வரி கட்டி முடிந்தது. சுங்க அதிகாரி நம்பர் தகட்டைப் பார்த்தார். இந்தத் தகடு அந்தப் பக்கம்தான் செல்லும், இங்கே இந்தக் காரை ஓட்டக்கூடாது, லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார்.

மண்டபம் கண்ணுக்குத் தெரிகிறது, நடந்தே போய்விடலாம் என்றாள் அபிராமி. பரஞ்சோதிக்குச் சம்பந்தியின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"ஓட்டத்தானே கூடாது எண்டவர். தள்ளக்கூடாது எண்டு சொல்லேல்லையே" என்றார்.

"அப்ப ஸ்டியரிங்கில ஆர் இருக்கிறது?" என்று கேட்டான் குணபாலு.

"ஆர் இருந்தாலும் அவன்தான் ஓட்டுறவன் எண்டு ஆகிடும். ஒருத்தரும் இருக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார் தவராசா.

"பிரேக்?"

"அதுவும் ஓட்டுறவன்ர வேலை. தொடாதை."

சட்டத்தை இவ்வளவு மதிக்கிறவர்களை அந்த அதிகாரி கண்டிருக்கவே மாட்டார். நல்லகாலம், ரோட்டு ஏற்றமாக இருந்தாலும் நேராக இருந்தது. பெண்ணைப் பின் சீட்டில் இருத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மண்டப வாசல்வரை தள்ளிவிட்டார்கள். மேளம் முழங்கியது. சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பரஞ்சோதிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போது படம் பிடிக்கிறவர், "மூண்டு பேரும் இஞ்ச பாத்துக் கும்பிடுங்கோ" என்றார்.

மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

கார் பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. அவசரப்படாமல், வந்த வழியே போய், எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் ஒரு பற்றைப் புதரில் சாய்ந்து நின்றது. ஜெர்மன் அதிகாரி ஒருவர் கண்ணாடியைத் தட்டி, வரி கட்டவேண்டிய பொருள் ஏதும் உண்டா என்று நகை போட்ட மணப்பெண்ணை விசாரிப்பது மேலிருந்தே தெரிந்தது.

"என்ன பரஞ்சோதி இது, பொம்பிளை போறா" என்று பதறினார் சம்பந்தி.

கையை இறக்கலாம் என்று படம் பிடிக்கிறவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே கும்பிட்டபடியே பரஞ்சோதி திரும்பினார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"பாத்தியளோ சம்பந்தி, உங்கட காருக்கு ஓட்ட ஒரு ஆள் வேணும். எங்கட கார் தன்ரபாட்டில வெளிநாட்டுக்கே போகுது."