ஒரே ஒரு ஒய்

எங்கள் லேபில் குருவுக்கு வயது முப்பத்துமூன்று, டாக்டர் நாச்சியார். சிஷ்யை திலகேஸ்வரிக்கு ஐம்பத்தொன்று. இருபது வருடம் கண்ணாடிக் குப்பி கழுவியவர், இப்போதுதான் குரோமோசோம் எண்ணக் கற்க வந்தார். நான் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். காதை மூடிக்கொண்டு டைப் அடிக்க எனக்கு வராது.

முதல் நாளே திலகேஸ்வரி கேட்டார். "செத்துப் பிறந்த பிள்ளைக்கும் இந்தக் குரோமோசோமெல்லாம் இருந்திருக்குமா மேடம்?"

அவர் கதை எனக்குத் தெரியும். முப்பது வருடம் முன்னால், எட்டாம் மாதத்தில், அவருக்கு ஒரு ஆண் பிள்ளை அப்படிப் பிறந்தது. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். பாவிகள். அப்புறம் பிள்ளையே இல்லை. ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் ஏங்குவார்.

"இருந்திருக்கும்" என்றார் நாச்சியார். "முதல்ல உங்க ரத்தத்தை எண்ணுங்க."

எங்கள் வழக்கம் அது. சொந்த ரத்தத்தில் நூறு செல் பிழையில்லாமல் எண்ணினால்தான் அடுத்தவர் ரத்தத்தைத் தொடலாம். மூன்று நாள் செல்களை வளர்த்து, இரண்டாகப் பிரியும் சமயம் பார்த்து மருந்து விட்டு நிறுத்தினால் மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் நாற்பத்தாறும் தெரியும். பெண் என்றால் அதில் இரண்டு எக்ஸ். ஆண் என்றால் ஒரு எக்ஸ், கூடவே பொடிசாய் ஒரு ஒய்.

எழுபத்தெட்டாவது செல்லில் திலகேஸ்வரி, "அய்யய்யோ!" என்றார்.

"என்னாச்சு?"

"ஒய் இருக்கு மேடம். எந்த ஆம்பளை ரத்தமோ கலந்துடுச்சு. மத்ததெல்லாம் சரியா இருக்கு, இது ஒண்ணுதான். வீசிட்டு மறுபடி போடறேன்."

நாச்சியார் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குப்பியை வேற யாராவது தொட்டாங்களா?"

"நான்தான் எடுத்தேன், நான்தான் வளர்த்தேன். யாரும் தொடலை."

"அப்ப வீசாதீங்க. வயித்துல இருக்கிற பிள்ளையோட செல், அம்மா ரத்தத்துல கலந்துடும். பிள்ளை போனாலும் அது போகாது. வருஷக்கணக்கா உள்ளேயே பிரிஞ்சு பெருகிட்டிருக்கும்."

திலகேஸ்வரி கிட்டே வந்தார்.

"முப்பது வருஷமாவா?"

"போன வாரம்கூடப் பிரிஞ்சிருக்கு. அதைத்தான் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"முகம் தெரியாதுல்ல மேடம்?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு நாச்சியார் எழுந்து தன் இடத்தைக் காலி செய்தார். "ஆனா அவன்தான். உட்கார்ந்து பாருங்க."