விழுங்கிய கூவல்

காட்டோடையின் இரு கரையிலும் தாழம்புதர்கள் மண்டிக் கிடந்தன. அங்கே குன்றி, கருக்கன் என்ற இரண்டு செம்போத்துகள் குடும்பம் நடத்தி வந்தன. இக்கரைப் புதருக்குள் அவற்றின் கூடு. கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

செம்போத்துக்கு உயரப் பறக்க வராது. தரையில் நடந்து, புல்லை விலக்கி, நத்தையும் ஓணானும் பிடித்துத்தான் பிழைக்க வேண்டும். புதருக்குள் போய்விட்டால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிவதில்லை. அதனால் குன்றியும் கருக்கனும் நாள் முழுக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

"ஊப்! ஊப்! ஊப்!" என்று கருக்கன் அக்கரையிலிருந்து கூவுவான்.

"ஊப்! ஊப்! ஊப்!" என்று குன்றி இக்கரையிலிருந்து இன்னும் தாழ்ந்த குரலில் பதில் கொடுப்பாள். கூவும்போது அவள் தலை மார்பில் படியும், கழுத்து உப்பும். அடிவயிற்றிலிருந்து குரல் உருண்டு உருண்டு வரும். கூவி முடித்தால் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். ஏன் என்று அவள் யோசித்ததே இல்லை.

அந்தப் பக்கம் ஒரு காட்டுப்பூனை அலைந்துகொண்டிருந்தது. கருக்கன் மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண். ஆனால் அது புல்லில் பதுங்கும்போதெல்லாம் மேல்கிளையிலிருந்து குன்றி பார்த்துவிடுவாள். உடனே ஒரு கூவல் போடுவாள். கருக்கன் முள்ளுக்குள் மறைந்துவிடுவான். பூனை வெறும் வயிற்றோடு திரும்பும்.

"இவளைக் கொல்ல வேண்டியதில்லை. வாயை மூடவைத்தால் போதும்" என்று பூனை நினைத்தது.

மறுநாள் காலை அது புதருக்குக் கீழே வந்து உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டது.

"போ பூனையே! இங்கே உனக்கு என்ன வேலை?" என்று அதட்டினாள் குன்றி.

"பாட்டுக் கேட்க வந்தேன் அம்மணி. இந்தக் காட்டில் இப்படி ஒரு குரல் வேறு யாருக்கும் இல்லை! அந்த மூன்றாவது கூவல் மட்டும்... வேண்டாம், விடு."

"மூன்றாவது கூவலுக்கு என்ன?"

"சொன்னால் மனம் வருந்துவாய்."

"சொல்!"

"ஓர் இழை தளர்ந்துவிட்டது. வேறு பறவையாக இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உன் குரல் அவ்வளவு சுத்தம். அதனால்தான் தெரிகிறது."

சொல்லிவிட்டுப் பூனை எழுந்து போய்விட்டது. ஒரு குஞ்சைக்கூட அது நிமிர்ந்து பார்க்கவில்லை.

குன்றி அன்று முழுக்கத் தன் மூன்றாவது கூவலையே கேட்டுக்கொண்டிருந்தாள். தளர்ந்துதான் இருந்தது! அது கேட்டுவிட்ட பிறகு இரண்டாவதிலும் ஏதோ குறை தெரிந்தது. சாயங்காலத்துக்குள் முதல் கூவலும் கெட்டுப்போனது.

கருக்கன் சொல்லிப் பார்த்தான். "பூனைக்கு எதற்கு நம்முடைய பாட்டு? அது பேச்சைக் கேட்காதே!"

"பூனையாக இருந்தால் என்ன? காது நல்ல காது" என்றாள் குன்றி. "உங்களுக்கு எப்படிக் கூவினாலும் ஒன்றுதான்."

"ஆமாம், ஒன்றுதான். நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூவத் தொடங்குவாள், பாதியில் நிறுத்துவாள். "சே, தப்பு!" என்பாள். மறுபடி தொடங்குவாள். அக்கரையில் கருக்கனுக்கு அந்தத் தப்பு தெரியாது. குரல் அறுந்ததுதான் தெரியும். பூனை பிடித்துவிட்டது என்று பதறி, ஓடையைத் தாண்டி, வெட்டவெளிப் புல்லில் விழுந்தடித்துக்கொண்டு வருவான்.

"என்ன ஆயிற்று?"

"ஒன்றும் இல்லை. சரியாக வரவில்லை, அதான் நிறுத்தினேன்."

"அடிப்பாவி! எனக்கு உயிரே போய்விட்டது!"

அவன் மூச்சிரைக்க நிற்பதை அவள் பார்த்தாள். ஆனால் கழுத்தை எவ்வளவு வளைத்தால் சுருதி நிற்கும் என்பதிலேயே அவள் புத்தி இருந்தது.

பூனை மறுபடி வந்தது. இந்தத் தடவை குன்றியே அதைக் கூப்பிட்டாள்.

"ஐயா! இப்போது பரவாயில்லையா?"

"முன்னைக்கு இப்போது இன்னும் மோசம்" என்றது பூனை வருத்தத்தோடு. "அரைகுறையாகக் கூவிக் கூவித்தான் தொண்டை கெட்டுப்போகிறது. முழுசாகச் சரியாகும் வரை வாயைத் திறக்காதே. மனசுக்குள் பழகு. ஒரு நாள் கூவு, காடே திரும்பிப் பார்க்கட்டும்!"

குன்றிக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கருக்கன் அக்கரையிலிருந்து கூவுவான். பதில் வராது. இன்னொரு தடவை கூவிப் பார்ப்பான். பிறகு இரையைப் போட்டுவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு வெட்டவெளியைக் கடந்து வருவான். அவன் வரும் வழி நாளடைவில் புல்லில் ஒரு தடமாகவே விழுந்துவிட்டது. பூனை அந்தத் தடத்தின் ஓரத்தில் ஓர் இடம் பார்த்துக்கொண்டது.

ஒரு காலை நேரம். குன்றி மேல்கிளையில் இருந்தாள். கருக்கன் கூவினான், காத்திருந்தான், கிளம்பினான். அலகில் குஞ்சுகளுக்கு ஒரு நத்தை.

அப்போது புல் அசைந்தது. புல்லுக்கு நடுவே பூனையின் முதுகு!

குன்றி வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் போதும். எந்தச் சத்தமாக இருந்தாலும் போதும். ஆனால் தொண்டை காய்ந்திருந்தது. அவளுக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருந்தது. குரல் கரகரப்பாக வந்துவிடக் கூடாதே என்று, கழுத்தை நிமிர்த்தி, ஒரே ஒரு தடவை எச்சிலை விழுங்கினாள்.

அதற்குள் பூனை பாய்ந்துவிட்டது.

கருக்கனைக் கவ்விக்கொண்டு அது புதருக்குக் கீழேயே நடந்து வந்தது. வாயிலிருந்ததை ஒரு கணம் தரையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"அம்மணி! உன் மௌனத்தில் ஒரு குறையும் இல்லை!" என்றது.

பிறகு அது அந்தப் பக்கம் வரவில்லை.

குன்றி அழவும் இல்லை. அழுதால் சத்தம் வரும். சத்தம் எப்படிப் போடுவது என்று அவளுக்கு மறந்துவிட்டது. தனியாக இரை தேடினாள், தனியாக ஊட்டினாள். கிடைத்தது பாதி வயிற்றுக்குத்தான் வந்தது. குஞ்சுகளும் கத்தாமல் வாயை மட்டும் திறந்து காட்டின. கூட்டில் யாரும் கூவிக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரு பகல், வானம் இருண்டு மழை கொட்டியது. குன்றி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கூட்டில் படுத்தாள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

குஞ்சுகளின் சின்ன உடம்புகள் அவள் வயிற்றை முட்டின. அவை மூச்சு இழுத்தபோது அவற்றின் வயிறு உயர்ந்தது, விட்டபோது தாழ்ந்தது. அவள் அதைக் கவனித்தாள். பிறகுதான் தன் உடம்பைக் கவனித்தாள். நகங்கள் கூட்டின் குச்சிகளை இறுக்கிப் பிடித்திருந்தன. கழுத்து கட்டையாக இருந்தது. வயிற்றை எத்தனை நாளாக உள்ளே இழுத்து வைத்திருக்கிறாளோ, அவளுக்கே தெரியவில்லை. நகங்களைத் தளர்த்தினாள். வயிற்றை விட்டாள். மூச்சு தானாக உள்ளே போனது, இறக்கைகளுக்கு அடி வரை போனது. அங்கே சூடாக இருந்தது.

"ஊப்" என்று ஒரு சத்தம் வந்தது. தான்தான் கூவினோம் என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"அம்மா! உன் வயிறு அதிருது!" என்றது ஒரு குஞ்சு.

"எனக்குக் கூசுது! இன்னொரு தடவை!" என்றது மற்றது.

குன்றி தலையைத் தாழ்த்தினாள். "ஊப்! ஊப்! ஊப்!" குரல் கரகரத்தது. நடுவில் இரண்டாகக் கிழிந்தது. கிழிந்தது அவளுக்குக் கேட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அதிர்வு மார்பிலிருந்து முதுகுக்கு ஏறி, வால் நுனி வரை ஓடியது. குஞ்சுகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கெக்கலித்தன. அவள் மேலும் கூவினாள். சந்தோஷம் வந்தது. வரக் கூடாத நேரத்தில், வெட்கமில்லாமல், உடம்பு முழுக்க வந்தது.

இத்தனை சுலபமா இது! ஒரு வாய்க் காற்று. அதை அன்றைக்கு வெளியே விட்டிருந்தால்!

கூவி முடித்ததும் அவள் அக்கரையைப் பார்த்து, தன்னை அறியாமல் காது கொடுத்தாள். மழை விட்டிருந்தது. ஓடைத் தண்ணீர் சலசலத்து ஓடியது. வேறு சத்தம் இல்லை.

"ஏன் அம்மா நிறுத்திவிட்டாய்?" என்றது குஞ்சு.

"பதில் வருமா என்று பார்த்தேன்" என்றாள் குன்றி.

"யார் பதில் சொல்லுவார்?"

 அவள் தலையைத் தாழ்த்தி, மறுபடியும் கூவத் தொடங்கினாள்.

பிழையில்லாத குரல் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர், எப்படிப்பட்ட குரலானாலும் போதும் என்று காத்திருந்தவரை இழந்துவிடுவார்.