தூணில் ஏறிய ஹெலிகாப்டர்

பரமார்த்தலிங்கம் விமானப்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மலையடிவாரத்து மடத்தில் வந்து சீடராகச் சேர்ந்தார். மடத்துக் குருவின் பெயர் உலகம்மை. லிங்கத்தைவிடப் பல வயது இளையவள். "போயும் போயும் ஒரு பொம்பளப்பிள்ளை கால்லயா ஓய் விழுந்தீரு?" என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசுகிறவன் பேசட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு அவள் அம்மா. அவளுக்கு அவர் அண்ணாச்சி.

அம்மாவுக்கு வாயும் நீளம், கோபமும் நீளம். தியானம் சொல்லிக் கொடுங்கள் என்று வருகிறவர்களிடம், "முதல்ல குடத்தை எடுங்க" என்பாள். மலைச்சுனைக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

அந்தச் சுனையில்தான் வம்பே. சுனைக்குப் போகும் பாதையைக் கல்குவாரி முதலாளி முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். குவாரிக் குடியிருப்பு ஜனங்களுக்கு அதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. தினம் காலையில் அம்மா அங்குள்ள பெண்களோடு போய்க் கம்பியைப் பிரித்து எறிவாள். சாயங்காலம் முதலாளியின் ஆட்கள் திரும்பக் கட்டுவார்கள். மறுநாள் இவள் திரும்பப் பிரிப்பாள். போன வாரம் ஒரு தடியன் பிடித்துத் தள்ளியதில் பாறையில் விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்ட மறுநாளும் போனாள்.

என்றைக்காவது ஒருநாள் இவளைப் பிணமாகத் தூக்கிக்கொண்டுதான் மலையிறங்கப்போகிறோம் என்று லிங்கம் பயந்து செத்தார்.

இந்த நேரத்தில் குவாரி முதலாளியே மடத்துக்கு ஆள் அனுப்பினார். நடந்ததற்கு ரொம்ப வருத்தப்படுகிறாராம். அம்மாவுக்கு வெள்ளியில் ஒரு பீடம் செய்து தருகிறாராம். அம்மா அதில் உட்கார்ந்து ஜனங்களுக்குத் தரிசனம் கொடுக்க வேண்டுமாம். லிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு அம்மாவிடம் ஓடினார்.

"பீடமா? எனக்கா?"

"ஆமாம்மா. நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. ஜனங்க உங்களைத் தேடி வருவாங்க. இனி அந்த வேலியோட மல்லுக்கட்ட வேண்டாம்."

"அப்ப வேலியை யாரு பிரிக்க?"

"அதைப் பேசிக்கிடலாம்மா. பெரிய மனுசன், இறங்கி வந்திருக்காரு."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். சரி, இன்றைக்கு நமக்கு அர்ச்சனைதான் என்று லிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"வாங்க அண்ணாச்சி. டவுன் வரைக்கும் போயிட்டு வருவோம்."

டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பூங்கா. அங்கே சிமெண்டுத் தூணின் மேல் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் நிற்கிறது. லிங்கம் கைபட்ட மெஷின். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுவார். அம்மா அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க மெஷின்தானே?"

"எங்க மெஷின்தாம்மா. வெள்ளத்துல கூரை மேல நின்ன சனத்தையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கு. மலையில சண்டை நடந்தப்ப குண்டடியும் பட்டிருக்கு. அப்படியே ஓட்டிக் கொண்டுவந்து இறக்கினாங்க." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"வேலை முடிஞ்ச மெஷினையெல்லாம் இப்படித்தான் நிறுத்துவாங்களோ?"

"எல்லாத்துக்கும் அந்தக் கொடுப்பினை ஏது? சிலது ஏலத்துல போகும். உடைச்சு உருக்கிருவாங்க. சிலதைக் காலேஜ்ல வச்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாங்க. சிலதைப் பொட்டல்ல நிறுத்தி, குண்டு போட்டுப் பழகுவாங்க."

"அட பாவிகளா! சொந்த மெஷினையேவா?"

"ஆமாம்மா. அதையெல்லாம் பாக்கும்போது தூண்ல ஏறுறது பெரிய கவுரவம்."

"இப்ப ஸ்டார்ட் பண்ணினா பறக்குமா?"

லிங்கம் சிரித்துவிட்டார். "என்னம்மா நீங்க? உள்ள என்ன இருக்கு பறக்க? வெறும் கூடு. இன்ஜினு, கியர்பாக்ஸு, ரேடியோ, நல்லா இருந்த நட்டு போல்ட்டு வரைக்கும் கழட்டி எடுத்தாச்சு. வேற மெஷினுக்கு ஆகும்ல. எங்க வழக்கமே அதுதான்."

"கழட்டாம ஏத்தக் கூடாதோ?"

"எப்படி ஏத்த? இன்ஜினும் எண்ணெயும் இருக்கிற மெஷினைக் கொண்டுபோய்ப் பிள்ளைங்க விளையாடுற இடத்துல நிறுத்த முடியுமா? ஆபத்துல்லா? வெறும் கூடானாத்தான் நிறுத்த விடுவாங்க."

பூங்காவுக்கு வந்த ஒரு குடும்பம் ஹெலிகாப்டருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

"கழட்டும்போது முதல்ல எதைக் கழட்டுவீங்க, அண்ணாச்சி?"

"பேட்டரியைத்தான். அதுக்கு அப்புறந்தான் மத்ததெல்லாம். அது இருக்கும்போது உள்ள கை வச்சா, எங்கயாவது ஷார்ட் ஆகிப் பொறி பறந்து கையைப் பொசுக்கிரும்."

"சரி. பீடத்துல தரிசனம் எந்த நேரம்னு முதலாளி ஏதும் சொல்லிவிட்டாரா?"

"சொன்னாரும்மா. தினம் காலையில, விடிஞ்சதுலருந்து வெயில் ஏறுற வரைக்கும். அதுதான் விசேஷமான நேரம்னு..."

சொல்லும்போதே லிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. சுனைக்குப் பெண்கள் குடத்தோடு கிளம்புகிற நேரம் அது. அம்மா வேலியில் கை வைக்கிற நேரம். காபி கொடுத்து அனுப்பினோமே என்று அவருக்கு அவர் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நான் ஒரு மடையன்மா."

"அதுக்கென்ன இப்ப?"

"ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. நாளைக்குத் திரும்பத் தள்ளுவாங்க. இந்தத் தடவை நெத்தியோட போகாது. உங்களைப் பறிகொடுத்துட்டு நான் எங்க போவேன்? எனக்குப் பயமா இருக்கும்மா." அறுபது தாண்டிய மனுஷர், பஸ் ஸ்டாண்டு ஜனம் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும்தான் பயமா இருக்கு."

"அப்படின்னா?"

"பயந்துக்கிட்டே போவேன். நீங்களும் வேணும்னா பயந்துக்கிட்டே கூட வாங்க."

லிங்கம் தூணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாரேம்மா. பீடத்தை வேண்டாம்னு சொல்லிருதேன். ஆனா முதலாளி சும்மா விட மாட்டாரு. வெள்ளியில செஞ்சு தாரேங்கிறேன், ஏன் அம்மா உக்கார மாட்டேங்கிறாங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

அம்மா அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"பேட்டரி இன்னும் உள்ளதான் இருக்குன்னு சொல்லுங்க. கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க."