ஐந்து நாளும் ஒரே பல்

இதன் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக. ஆனால் இப்போது சிரிக்கக் கூடாது. வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். வலித்தால் இடது கையைத் தூக்கலாம்.

"நாலாவது குழாயை எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்?" என்று கேட்டார் இன்னாசிமுத்து.

கோவில்பட்டியில் இருபத்தாறு வருடமாகப் பல் பிடுங்கும் டாக்டர். வயது ஐம்பத்திரண்டு.

அவர் கேட்டது டாக்டர் நிலோஃபரிடம். மதுரையில் ரூட் கெனாலுக்கென்றே கிளினிக் வைத்திருப்பவர். வயது முப்பத்திமூன்று.

"யாருக்கு சார்?"

"சொர்ணத்தாய்னு ஒரு அம்மா. மேல் கடைவாய்ப் பல். நான் செஞ்ச முதல் ரூட் கெனால். வேருக்குள்ள இருந்த மூணு குழாயையும் சுத்தம் பண்ணி அடைச்சேன். வலி போகல. ஸ்கேன் எடுத்தா நாலாவதா ஒண்ணு இருக்கு, தலைமுடி மாதிரி."

"இங்க அனுப்புங்க. நான் பாத்துக்கிறேன்."

"நான் விட்டது மேடம். நானே எடுக்கணும்."

சொர்ணத்தாய்க்கு மென்று தின்ன மிச்சமிருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். மறுபக்கத்தைக் காலி செய்ததும் இன்னாசிமுத்துவே. சனிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார் அந்த அம்மா. "அதுக்கு மேல தாங்காதுய்யா. எவன்கிட்டயாவது போயி புடுங்கிப் போட்டுருவேன்."

நிலோஃபர் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டர் கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். கட்டிக்குள் கழுத்தளவு புதைந்து, தலை திறந்த ஒரு கடைவாய்ப் பல்.

"பாருங்க. சாயங்காலம் கேப்பேன். பதில் சரியா இருந்தா, அந்த அம்மா பல்லை இதே நாற்காலில வச்சு நீங்களே திறக்கலாம்."

திங்கள் சாயங்காலம் கேட்டார். "என்ன பாத்தீங்க?"

"நாலாவது இல்ல மேடம்."

"இல்லாததை நான் கேக்கல."

கட்டியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

செவ்வாய்க்கிழமை இழுப்பறை திறந்தது, கட்டி வந்தது. இன்னாசிமுத்து ஊசி போன்ற ஃபைலால் பல்லின் உள்தரை முழுக்கக் குத்திப் பார்த்தார்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா எட்டு மணி நேரம் பாத்தீங்க?"

சிரிப்பு இதுவா என்றால், இல்லை. இன்னும் இருக்கிறது. வாய் திறந்தே இருக்கட்டும்.

புதன்கிழமை இன்னாசிமுத்துவுக்குப் பொறுமை போனது.

"கொஞ்சம் தோண்டிப் பாக்கட்டுமா மேடம்?"

"தாராளமா. தரை ஓட்டையாச்சுன்னா பல்லைப் புடுங்க வேண்டியதுதான். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொர்ணத்தாயின் போன். "டாக்டரய்யா, கஞ்சி பட்டாக்கூட சுள்ளுங்குது. கத்துக்கிட்டீகளா?"

"கத்துக்கிட்டே இருக்கேன்மா."

"எம்பேரன் மூணு நாள்ல சைக்கிளே ஓட்டிட்டான்!"

வியாழக்கிழமை அவர் ஃபைலைத் தொடவில்லை. துளையையும் தேடவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்தார். சாம்பல் நிறத்தில் தரை. மூன்று துளைகளையும் சேர்க்கும் கறுத்த கோடுகள். அதில் ஒரு கோடு பாதி வழியில் கன்னப் பக்கமாக வளைந்து நின்றது. சுவரில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.

"என்ன பாத்தீங்க?"

நோட்டை நீட்டினார்.

நிலோஃபர் வெகுநேரம் பார்த்தார். "நாலாவது?"

"அதை நீங்க கேக்கலையே மேடம்."

நிலோஃபர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கட்டியை வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை கட்டி வந்தது.

இன்னாசிமுத்து பல்லைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். கட்டியைத் திருப்பி வைத்தார். சரிவரவில்லை. நோட்டைத் திருப்பினார். அப்படியும் சரிவரவில்லை. கோடு வேறு பக்கம் ஓடியது. கீறலைக் காணோம்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"இது நேத்துப் பல் இல்ல."

நிலோஃபர் முகக்கவசத்தை இறக்கினார். ஐந்து நாளில் முதல் தடவை.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். இது வேற பல்."

"அப்ப அந்த அம்மாவுக்குப் போன் போடுங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணி. நீங்க திறங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் சொர்ணத்தாய். "அலோ! டாக்டரய்யாவா? கத்துக்கிட்டீகளா, இல்லையா? பேசுங்கய்யா!"

இன்னாசிமுத்து போனைக் காதிலிருந்து இறக்கினார். பூட்டாமல் கிடந்த இழுப்பறையை ஒரு விரலால் மெல்ல இழுத்தார். உள்ளே வரிசையாக வெள்ளைக் கட்டிகள்.

"மேடம்... செவ்வாய்க்கிழமையும் வேற பல்லா?"