தூளி கட்டிய அறையில் ஒரு பவளத் தொட்டி

சகாயமேரி பவளச் சில்லுகளைப் பேசினில் கொட்டி அலசிக்கொண்டிருந்தாள். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் பால் மாதிரியே வந்தது.

"டீச்சர், இந்தத் தொட்டி என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

"தொட்டிக்குக் காது எங்கக்கா இருக்கு?" என்றாள் டெல்மா.

டெல்மா வயதில் சின்னவள்தான். ஆனாலும் அந்த மீன் காட்சிச்சாலையில் தொட்டி வேலை சொல்லிக்கொடுத்தவள். அதனால் மேரிக்கு அவள் டீச்சர். டெல்மாவுக்கு இவள் மேரிக்கா.

வேலை பார்க்க எளிதுதான். செத்த பவளச் சில்லுகளை ரியாக்டர் என்ற உயரக் குழாயில் நிரப்பி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸைக் குமிழியாக விடவேண்டும். உள்ளே தண்ணீர் புளிக்கும். புளிப்பில் சில்லு கரையும். கரைந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போகும். அதைத் தின்றுதான் உயிருள்ள பவளம் வளரும்.

ஆனால் தொட்டித் தண்ணீரும் சேர்ந்து புளித்துக்கொண்டிருந்தது. எட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய பி.எச்., மீட்டரில் ஏழு புள்ளி எட்டுக்கு இறங்கி நின்றது.

"கேஸைக் குறைச்சீங்களா?"

"குறைச்சேன். சில்லு கரையல."

"கூட்டுனீங்களா?"

"தொட்டி இன்னும் புளிச்சிருச்சு."

"நடுவுல வைக்க வேண்டியதுதானே?"

"வச்சேனே! காலையில ஒரு நடுவு, மத்தியானம் ஒரு நடுவு."

டெல்மா சிரித்துவிட்டாள்.

மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. நீலப் பவளம் கிளை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. இந்த மாதமும் வளராவிட்டால் அவளை டிக்கெட் கிழிக்க வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் தூளி கட்ட இடமில்லை.

அவள் பையன் ஜோவின் இங்கேதான், தொட்டிக்குப் பக்கத்தில், தூளியில் தூங்கினான். சளி பிடித்திருந்தது. கடல்காற்று படாமல் ஜன்னலைச் சாத்தி, சந்துகளில் பழைய சேலையைத் திணித்து வைத்திருந்தாள். மத்தியானமானால் மற்ற பெண்களும் குளிர்ச்சிக்காக இங்கேயே வந்து சாப்பிட்டு, இங்கேயே படுத்து எழுந்து போவார்கள்.

"இந்த ரூம்ல கேஸ் விடுற சிலிண்டர் எத்தனைக்கா?"

"ஒண்ணு."

"நல்லா எண்ணுங்க."

மேரி கையை உதறிவிட்டு மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுதான் டீச்சர்."

டெல்மா சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடியை எடுத்துத் துடைத்தாள். தூளியை விலக்கி, ஜோவினின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

மூடி மங்கியது.

பிறகு மேரியின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

அதுவும் மங்கியது.

மேரி மூடியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"மத்தியானம் ஒன்பது பேரு படுக்கோமே டீச்சர்!"



மேரி ஓடிப்போய்ச் சேலையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தாள். காற்று உப்பு வாசனையோடு உள்ளே வந்தது.

"பிள்ளைக்கு ஆகாதே…"

டெல்மா அவள் கையிலிருந்த சேலையை வாங்கினாள். நன்றாக உதறி, ஜோவினைத் தலையோடு போர்த்திச் சுற்றினாள்.

மீட்டர் அசையவில்லை. மேரியின் கை தானாகச் சிலிண்டரின் திருகை நோக்கிப் போனது.

"டீச்சர், ஒரே ஒரு தடவை. லேசா."

டெல்மா பிள்ளையைத் தூக்கி அவளுடைய இரண்டு கையிலும் வைத்தாள்.

"இப்பத் திருகுங்க."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மேரி முக்காலியில் உட்கார்ந்தாள். கை நிறையப் பிள்ளை. திறந்த ஜன்னல். ஜோவின் ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி தூங்கினான். செய்ய ஒன்றுமில்லாமல் அவள் நீலப் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் அதை அவள் பார்த்ததே இல்லை.

மத்தியானம் மீட்டர் ஏழு புள்ளி ஒன்பது என்று காட்டியது.

"ஏட்டி மேரி!" வெளியே வேப்பமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. "டீச்சர் எங்களை எல்லாம் வெளிய விரட்டிட்டா. சோறு ஆறுது, வாரியா இல்லையா?"

"வாரேன், வாரேன். இந்தா, எட்டு வரப்போவுது. நான் ஒண்ணுமே தொடல, சும்மா பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்!"