தூம்பை அடைத்தது யார்?

பஞ்சாபில் மெஹ்தாப்கோட் என்று ஒரு சின்ன ஊர். ஒரே கடைவீதி, செங்கல் பாவிய நாலைந்து தெருக்கள், சுற்றிலும் கோதுமை வயல். நாடு இரண்டாகப் பிரிந்தபோது ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் இருக்க முடியாமல் போன சீக்கியர்கள் இங்கே வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளைச் சர்க்கார் அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது.

மாவு மில் வைத்திருந்த பச்சித்தர் சிங்கின் வீடும் அப்படிக் கிடைத்ததுதான். அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தையாக அந்த வீட்டுக்குள் வந்தவர். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஊர்க்கோடியில் ஒரு சிறிய குருத்வாராவைக் கவனித்துவந்த பாபா ஜவந்தா சிங்தான் அவருக்குக் குரு. குருவுக்குச் சிஷ்யரைவிடப் பத்து வயது குறைவு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பச்சித்தர் சிங் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை அவர் மில்லைத் திறந்தபடியே போட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பாபா அடுக்களை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாபாஜி, பாகிஸ்தான்லேருந்து ஒரு அம்மா வர்றாங்க. நாளைக்கு."

"யாரைப் பார்க்க?"

"எங்க வீட்டைப் பார்க்க. பேரு ஹாஜிரா பீபி. தர்கா யாத்திரைக் கூட்டத்தோட வந்திருக்காங்களாம். அவங்க பொறந்தது எங்க வீட்டுலதானாம்."

"நல்லதுதானே. இந்தாங்க, ஒரு கத்தி எடுங்க."

பச்சித்தர் சிங் உட்கார்ந்தார். கத்தியைத் தொடவில்லை.

"வாசல்ல நின்னு அவங்களை எப்படிக் கூப்பிடுவேன்? 'எங்க வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. 'இது உங்க வீடு'ன்னு சொல்லவும் வராது. எங்கப்பா செத்தது அங்கேதான். என் பிள்ளைங்க மூணு பேரும் பொறந்தது அங்கேதான். ராத்திரி பூரா தூங்கலை பாபாஜி. வீடு யாரோடதுன்னு நீங்க சொல்லுங்க. அதையே நான் சொல்லிடறேன்."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார் பாபா. "உங்க வீட்டு லஸ்ஸி குடிச்சு நாளாச்சு."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல வெங்காயம்."

மறுநாள் பகல். வாடகைக் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஹாஜிரா பீபி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தாள். பதினோரு வயதில் அந்தத் தெருவை விட்டுப் போனவள். யாரிடமும் வழி கேட்கவில்லை. சரியான வாசலில் வந்து நின்றாள்.

உள்ளே பச்சித்தர் சிங் புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கும்பிட்டார்.

அவர் கூப்பிடட்டும் என்று அவள் நிலைக்கதவைத் தொட்டபடி நின்றாள். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர் நின்றார்.

தெருவோரம் இருந்த பாபா வந்தார். வாசற்படியில் ஏறி, பச்சித்தர் சிங்கின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, அவள் பக்கத்தில் நிறுத்தினார். தானும் நின்றுகொண்டார்.

இப்போது எல்லோரும் தெருவில். கதவு மட்டும் திறந்து கிடந்தது. ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. பச்சித்தர் சிங்கின் தாடியிலிருந்து வேர்வை சொட்டியது.

ஹாஜிரா பீபி அவரைப் பார்த்தாள். பாபாவைப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க? உள்ளே வாங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். ஏறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்துட்டோம் அக்கா" என்றார் பச்சித்தர் சிங். அவள் பின்னால் குனிந்து உள்ளே போனார்.

அவர் மனைவி சத்வந்த் கௌர் லஸ்ஸி கொண்டுவந்தாள். ஹாஜிரா பீபி கையில் தம்ளரோடு அறை அறையாக நடந்தாள். உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம் தொங்கியது.

"என் தம்பிக்குத் தூளி கட்டினது இதுல."

"என் மூணு பேருக்கும் அதுலதான் கட்டினேன்" என்றாள் சத்வந்த் கௌர்.

முற்றத்து மூலையைக் காட்டி பச்சித்தர் சிங் சொன்னார்: "எங்கப்பா அந்த மூலையிலதான் உட்கார்ந்திருப்பார். விட்டுட்டு வந்த வீட்டை நினைச்சு அழுவார். நாங்க யாரும் பக்கத்துல போகமாட்டோம்."

"எங்கப்பாவும் அழுவார்" என்றாள் ஹாஜிரா பீபி. "அங்கே எங்களுக்குக் குடுத்தது ஒரு சர்தார்ஜி விட்டுட்டுப் போன வீடு. அந்த வீட்டு முற்றத்துல உட்கார்ந்து அழுவார்."

பாபா இரண்டாவது தம்ளர் லஸ்ஸியைத் தானே ஊற்றிக்கொண்டார்.

திடீரென்று ஹாஜிரா பீபியின் குரல் உயர்ந்தது.

"இந்தச் சுவர் ஏன் இப்படி ஊறிக் கிடக்கு?"

வாசல் பக்கத்துச் சுவர் அடிவரை பொரிந்து, காரை உதிர்ந்திருந்தது.

"மழை பெஞ்சா மாடியில தண்ணி தேங்குது அக்கா."

"ஏன் தேங்குது? தண்ணி வெளியே விழத் தெருப்பக்கம் தூம்பு இருந்ததே. எங்கப்பா கருவேலங்கட்டையைக் குடைஞ்சு வச்சது. அதை அடைச்சது யார்?"

பச்சித்தர் சிங் தரையைப் பார்த்தார். "பெரியவன் கல்யாணத்துக்கு முன்பக்கம் பூசினப்போ... பார்க்க நல்லா இல்லேன்னு..."

"நல்லா இல்லையா? சுவரு விழுந்தா நல்லா இருக்குமா? புத்தி இருக்கா தம்பி உனக்கு?"

ஊரே மரியாதை வைத்திருந்த மனிதர், திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். சத்வந்த் கௌருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லாக் கேளுங்க அக்கா. நான் சொன்னா எங்கே கேட்கிறார்!"

சாயங்காலம் கார் கிளம்பியது. இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பச்சித்தர் சிங் கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு விட்டுவிட்டார்.

பாபா செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பச்சித்தர் சிங் வந்து வழியை மறித்தார்.

"பாபாஜி, நீங்க கடைசிவரைக்கும் பதில் சொல்லலை. வீடு யாரோடது?"

"அந்தம்மா அதைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"என்ன கேட்டாங்க?"

பச்சித்தர் சிங் தாடியைத் தடவினார்.

"தூம்பை அடைச்சது யாருன்னு கேட்டாங்க."

பாபா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"மழை வர்றதுக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லிடுங்க" என்றார்.